வாவிக்கரைப் பாடசாலைகளும் ஆசிரியர்தம் கணினிப் பயிற்சியும்

எழுத்தாணியும் பனையேடும் ஆசிரியர்தம் கருவிகளாய் விளங்கிய காலம் ஒன்று இருந்தது. அக்காலத்துத் திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஏட்டை வாருதல், துளையிட்டுக் கோத்தல், எழுதிய வரிகளுக்கு மையாடுதல் ஆகிய யாவற்றையும் தாமே அறிந்திருந்தார். பின்னர் அச்சுநூலும் கரும்பலகையும் வந்தன. அதன்பின் தட்டச்சுப் பொறியும், மெழுகுத்தாளில் வெட்டி மைதடவிப் பிரதியெடுக்கும் றோணியோவும் பாடசாலை அலுவலகங்களில் இடம் பெற்றன. ஒவ்வொரு கருவியும் வந்த பொழுது வியப்பாகவும் அச்சமாகவும் தோன்றி, பயிலப்பட்ட பின் அன்றாடப் பொருளாயிற்று. கணினியும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கதே. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. முன்னைய கருவிகள் ஆசிரியர் செய்யும் தொழில்களுள் ஏதேனும் ஒன்றற்கே உதவின. கணினியோ எழுதுதல், எண்ணுதல், பேணுதல், தேடுதல், அனுப்புதல் ஆகிய ஐந்தினையும் தன்னுள் அடக்கிக்கொண்டது. ஆதலின் அதனைக் கையாள அறியாத ஆசிரியர் தம் தொழிலின் பெரும்பகுதிக்குப் பிறர் கையை எதிர்பார்த்து நிற்க நேர்கின்றது. அவ்வாறு நேராதிருத்தற்கு ஆசிரியர் ஒருவர் குறைந்த அளவாக எவற்றை அறிந்திருத்தல் வேண்டும் என்பதை மட்டக்களப்பு வாவிக்கரைப் பாடசாலைகளின் நிலைமைக்கேற்ப விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நிலம் எழுவான்கரை எனவும், மேற்கேயுள்ள வயல்சார்ந்த நிலம் படுவான்கரை எனவும் வழங்கும். 1924 ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட கல்லடிப் பாலத்தின் அருகே 2013 இற் புதிய பாலம் திறக்கப்பட்டது. மண்முனையிலோ 2014 இல் பாலம் திறக்கப்படும் வரை மக்கள் ‘பாதை’ எனப்படும் மிதவையிலேயே வாவியைக் கடந்தனர். கல்வியில் இம்மாவட்டம் பழைமை வாய்ந்தது. மெதடிஸ்த மத்திய கல்லூரியின் தொடக்கம் 1814 ஆம் ஆண்டைச் சார்ந்தது. கல்லடி உப்போடையில் சுவாமி விபுலாநந்தரின் முயற்சியால் எழுந்த சிவானந்த வித்தியாலயம் 1929 இல் தோன்றிற்று. மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, கல்குடா, பட்டிருப்பு என ஐந்து கல்வி வலயங்களாக இன்று மாவட்டம் வகுக்கப்பட்டுள்ளது. நகரப் பாடசாலைக்கும் படுவான்கரையின் சிற்றூர்ப் பாடசாலைக்கும் வசதியில் வேற்றுமை உண்டெனினும், இருவகைப் பாடசாலை ஆசிரியரும் எழுத வேண்டிய வினாத்தாளும் நிரப்ப வேண்டிய படிவமும் ஒன்றே.

இலங்கை அரசு தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைக் கல்வியிற் புகுத்துதற்குப் பல முயற்சிகளை மேற்கொண்டுள்ளது. 2003 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் இத்துறைக்கென முகவர் நிலையம் ஒன்றனை அமைத்தது. 2009 ஆம் ஆண்டு ஆங்கிலத்துக்கும் தகவல் தொழினுட்பத்துக்கும் உரிய ஆண்டெனச் சாற்றப்பட்டது. க.பொ.த. சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் இஃது ஒரு பாடமாயிற்று. எனினும் இங்கே இரு பொருள்களைப் பிரித்தறிதல் வேண்டும். கணினியை ஒரு பாடமாகக் கற்பித்தல் ஒன்று. கணினியைத் தம் தொழிற்கருவியாக எல்லா ஆசிரியரும் கையாளுதல் மற்றொன்று. முன்னையது ஓரிருவர் கடமை. பின்னையது தமிழ், கணிதம், சமயம், சித்திரம் எனப் பாட வேறுபாடின்றி யாவர்க்கும் உரியது. ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு ஆசிரியர்க்கென வகுத்த தகைமைச் சட்டகம் 2008 இல் முதன்முதல் வெளிவந்து, 2018 இல் மூன்றாம் பதிப்பாகத் திருத்தப்பட்டது. அது 18 தகைமைகளை அறிவு பெறுதல், அறிவை ஆழமாக்கல், அறிவை ஆக்கல் என மூன்று படிகளில் வைத்துக் கூறும். ஈண்டு பேசப்படுவன பெரும்பாலும் முதற்படிக்கு உரியன.

ஆசிரியர் முதற்கண் பயில வேண்டுவது தமிழில் தட்டெழுதுதலாகும். இஃது எளிய பொருள்போலத் தோன்றினும் தமிழாசிரியர் இடர்ப்படுவது இங்கேதான். இதன் வரலாறு சிறிது அறிந்தாலன்றி அவ்விடரின் காரணம் விளங்காது. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழுக்குத் தட்டச்சுப் பொறியை அமைத்துத் தந்தார். அப்பொறியில் எழுத்தின் உருவங்கள் விசைகளிற் பொறிக்கப்பட்டிருந்தன. கணினி வந்தபோது அதே முறை தொடர்ந்தது. உரோம எழுத்துக்களுக்குரிய இடங்களில் தமிழ் உருவங்களை வைத்து எழுத்துருக்கள் ஆக்கப்பட்டன. இலங்கையில் அவற்றுள் மிகப் பரவியது ‘பாமினி’ ஆகும்.

பாமினியில் ‘தமிழ்’ என்னும் சொல்லைத் தட்டெழுதுபவர் உண்மையில் ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு உரோம எழுத்துக்களையும் ஓர் அரைப்புள்ளியையுமே கணினிக்குள் இடுகின்றார். அவ்வைந்தனையும் தமிழ் உருவத்திற் காட்டுவது எழுத்துரு மட்டுமே. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால் தமிழ் மறைந்து பொருளற்ற உரோம எழுத்துக்களே தோன்றும். வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பிய கடிதம் அங்கே ‘குறியீடுகளாக’ வந்தது என ஆசிரியர் பலர் கூறும் குறைக்குக் காரணம் இதுவே. மற்றுமோர் இடரும் உண்டு. பாமினியில் இகரம் காற்புள்ளியின் இடத்திலும், ககரம் எஃப் என்னும் எழுத்தின் இடத்திலும், அகரம் எம் என்னும் எழுத்தின் இடத்திலும் உள்ளன. ஆதலின் மாணவர் பெயர்களை அகரவரிசைப்படுத்துமாறு கணினிக்குப் பணித்தால், இந்திராணி முதலிலும், கமலா அடுத்தும், அருளம்பலம் அதன் பின்னும் வந்து நிற்பர். கணினி தவறு செய்யவில்லை. தனக்குத் தரப்பட்ட உரோம எழுத்துக்களை அது முறையாகவே அடுக்கியது. தமிழ் என்று எண்ணித் தரப்பட்டது தமிழாக இல்லை என்பதே உண்மை.

இவ்விடரைத் தீர்க்க வந்ததே ஒருங்குறி. உலக மொழிகளின் எழுத்து ஒவ்வொன்றற்கும் தனித்தனி எண் வழங்கும் இம்முறையில் தமிழுக்கென 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. தமிழ் எழுத்துக்கள் 247 ஆக, இவ்விடங்கள் எவ்வாறு போதும் என வினவலாம். உயிரும், அகரமேறிய மெய்யும், உயிர்க்குறிகளும், புள்ளியுமே எண் பெறுகின்றன. உயிர்மெய்கள் அவற்றின் சேர்க்கையாற் பிறக்கின்றன. ‘தமிழ்’ என்பது தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி என ஐந்து எண்களாகப் பதியப்படும். ‘கெ’ என்பதில் ஒற்றைக்கொம்பு கண்ணுக்கு முன்னே தோன்றினும், உள்ளே ககரம் முன்னும் குறி பின்னுமாகவே நிற்கும். மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் பிறக்கும் என்னும் இலக்கண முறைமைக்கு இது நெருங்கியது என்பதைத் தமிழாசிரியர் எளிதில் உணர்வர். இவ்வாறு எழுதப்பட்டது எந்நாட்டுக் கணினியிலும் கைத்தொலைபேசியிலும் தமிழாகவே தோன்றும், தேடவும் கிடைக்கும். வரிசைப்படுத்தலில் மட்டும் ஒரு விழிப்பு வேண்டும். ஒருங்குறியின் எண்வரிசையில் னகரம் நகரத்தை அடுத்து நிற்றலின், எண்ணையே நோக்கும் மென்பொருள் கனகத்தைக் கமலாவுக்கு முன்வைக்கும்; நெடுங்கணக்கோ கமலாவை முன்வைக்கும். தமிழ் வரிசை அறிந்த மென்பொருளில் மொழியைத் தமிழ் எனக் குறித்துவிட்டால் இவ்வழு நீங்கும்.

இலங்கையில் தமிழ் எழுத்துக்குறியீட்டுக்கும் விசைப்பலகைக்கும் எஸ்.எல்.எஸ். 1326 என்னும் நியமம் உண்டு. அதில் ஏற்கப்பட்ட விசைப்பலகை ரெங்கநாதன் அமைப்பு என வழங்கும். தட்டச்சுப் பொறியிற் பழகிய கைகளுக்கு அஃது ஏற்றது. தமிழ்நாட்டில் 1999 இல் ஏற்கப்பட்ட தமிழ் 99 அமைப்பு புதிதாகப் பயில்வோர்க்கு எளிது. எவ்வமைப்பைக் கொள்ளினும் முடிவில் ஒருங்குறி எழுத்தே பதியுமாயின் குற்றமில்லை. பல்லாண்டுகளாகப் பாமினியில் எழுதிவைத்த பாடக்குறிப்புக்களையும் வீணென எறிதல் வேண்டா; அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் மென்பொருள்கள் உள்ளன. மாற்றிய பின் ஒருமுறை வாசித்துத் திருத்துதல் மட்டும் தவிர்க்கலாகாது.

தட்டெழுதத் தெரியாமையால் விளையும் தீங்கு ஆசிரியரின் சிரமத்தோடு நின்றுவிடுவதன்று. தவணைப் பரீட்சைக்குரிய வினாத்தாளை ஆசிரியர் கையால் எழுதிக் கடையொன்றிற் கொடுத்துத் தட்டெழுதுவிப்பாராயின், பரீட்சைக்கு முன்னரே அது பிறர் கண்ணிற் படுகின்றது. கடைக்காரரின் கணினியிலும் தங்கிவிடுகின்றது. அங்கே புகும் எழுத்துப்பிழை மாணவரின் விடையைக் கெடுக்கின்றது. செலவோ பெரும்பாலும் ஆசிரியரின் சொந்தப் பணமாகின்றது. வினாத்தாளைத் தாமே ஆக்கவல்ல ஆசிரியர் மூன்று இடர்களினின்றும் ஒருங்கே நீங்குவர். அன்றியும், சென்ற ஆண்டின் வினாத்தாளைத் திறந்து, மாணவர் இடறிய வினாவைத் திருத்தி, புதியதொன்றைச் சேர்த்து இவ்வாண்டுக்கு ஆக்கிக்கொள்ளுதல் கையெழுத்துப் படியில் இயலாத எளிமையாகும்.

இரண்டாவதாகப் பயில வேண்டுவது விரிதாள். இக்கருவியின் பிறப்பே ஒரு வகுப்பறையோடு தொடர்புடையது. 1978 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்ட் வணிகப் பள்ளியிற் பயின்ற டான் பிரிக்ளின், பேராசிரியர் ஒருவர் கரும்பலகையில் வரைந்த அட்டவணையில் ஓர் எண் மாறியதும் தொடர்ந்து பல எண்களை அழித்தெழுத நேர்ந்ததைக் கண்டார். ஓர் எண்ணை மாற்றினால் ஏனையவை தாமே மாறும் பலகை ஒன்று இருத்தலாகாதா என்னும் எண்ணத்திலிருந்து, பொப் பிராங்ஸ்டனுடன் இணைந்து 1979 இல் அவர் வெளியிட்ட ‘விசிகல்க்’ என்னும் மென்பொருள் உருவாயிற்று. இன்றைய விரிதாள்கள் யாவும் அதன் வழிவந்தவை.

நாற்பது மாணவர் கொண்ட வகுப்பில் ஒன்பது பாடங்களுக்கு ஒரு தவணையில் 360 புள்ளிகள் சேரும், ஆண்டொன்றில் 1080. இவற்றைக் கையாற் கூட்டிச் சராசரியும் நிலையும் காணும் வகுப்பாசிரியர் தவணை முடிவில் இரவு பகலாக உழைக்கின்றார். விரிதாளிற் கூட்டல், சராசரி, தரவரிசை ஆகிய மூன்று சூத்திரங்களை அறிந்தவர்க்கு இது சிறுபொழுதில் முடியும். எனினும் சூத்திரம் ஆசிரியரின் அறிவுக்கு ஈடாகாது. ஐந்து மாணவருள் நால்வர் 60, 70, 80, 50 எனப் புள்ளி பெற, ஒருவர் பரீட்சைக்கு வரவில்லை எனக் கொள்க. வராதவரின் கட்டம் வெறுமையாக விடப்பட்டாற் சராசரி 65. அதிற் சுழியம் இடப்பட்டால் அதுவே 52 ஆகும். ஒரு சுழியத்தால் ஒரு வகுப்பும் அதன் ஆசிரியரும் திறமையற்றோர் எனத் தோன்றலாம். வராமை வேறு, தோல்வி வேறு என்பதைக் கணினி அறியாது. ஆசிரியர்தாம் அறிவிக்க வேண்டும்.

வரவு இடாப்பினையும் விரிதாளிற் பேணுதல் நன்று. வடகீழ்ப் பருவமழைக் காலத்து வெள்ளமும், வயல்வேலைக் காலமும் படுவான்கரைப் பிள்ளைகளின் வரவைப் பாதிப்பன. எம்மாதத்தில், எவ்வகுப்பில், எந்தப் பிள்ளைகளின் வரவு குறைந்தது என்பதை இடாப்பின் பல பக்கங்களைப் புரட்டி அறிதல் அரிது. விரிதாளில் அஃது ஒருநோக்கிற் புலப்படும். தொடர்ந்து பத்து நாள் வராத பிள்ளையை உரிய காலத்தில் அறிந்து வீடுசென்று விசாரிக்கும் ஆசிரியர், அப்பிள்ளை பாடசாலையை விட்டே நீங்காமற் காக்கவும் கூடும்.

மூன்றாவது, பேணுதல். இம்மாவட்டம் இயற்கையின் சீற்றத்தைப் பன்முறை கண்டது. 1978 நவம்பர் 23 ஆம் நாட் சூறாவளியும், 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையும், 2011 சனவரி வெள்ளமும் உயிரோடும் உடைமையோடும் ஆவணங்களையும் அழித்தன. ஒரே அலுமாரியில் ஒரே படியாக இருந்த பதிவேடு அழிந்தால் அதனை மீட்க வழியில்லை. கணினிக் கோப்பும் ஒரே இடத்தில் இருப்பின் அவ்வாறே அழியும். ஆதலின் முதன்மையான கோப்புக்கு மூன்று படிகள் வேண்டும்: ஒன்று பாடசாலைக் கணினியில், ஒன்று பென் டிரைவ் போன்ற தனிக்கருவியில், ஒன்று இணையத்து மேகச் சேமிப்பில் அல்லது வேறோர் ஊரில். எழுவான்கரைப் பாடசாலையின் படி ஒன்று படுவான்கரையில் இருப்பின் இரு கரையும் ஒருங்கே அழிந்தாலன்றி அது மறையாது. கோப்புக்குப் பெயரிடுவதிலும் ஒழுங்கு வேண்டும். ‘புதியது’, ‘இறுதி’, ‘இறுதி இரண்டு’ எனப் பெயரிட்டவர் மறு ஆண்டில் தம் கோப்பைத் தாமே அறியார். ஆண்டு, தவணை, தரம், பாடம் என்னும் வரிசையிற் பெயரிடுவோர்க்கு அவ்விடர் இல்லை.

நான்காவது, தேடுதலும் தெரிதலும். 2020 மார்ச் 13 முதல் பெருந்தொற்றின் பொருட்டுப் பாடசாலைகள் மூடப்பட்ட பொழுது, கைத்தொலைபேசியும் இணையமுமே பல ஆசிரியரை மாணவரோடு இணைத்தன. கல்வி அமைச்சின் இ-தக்சலாவ என்னும் இணையத்தளத்திற் பாடப்பொருள்கள் தமிழிலும் உள்ளன. 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் பெருந்தொகையாகப் பேணி இலவசமாக வழங்குகின்றது. இவற்றை அறிந்த ஆசிரியர்க்கு வாவிக்கரைச் சிற்றூரும் நூலகத்தினின்று தொலைவில் இல்லை.

எனினும் இணையத்திற் காணப்படும் யாவும் உண்மையாகா. எழுதியவர் யார், எப்பொழுது எழுதினார், வேறொரு நம்பத்தக்க இடத்திலும் அது காணப்படுகின்றதா என்னும் மூன்று வினாக்களை எழுப்பிய பின்னரே எதனையும் வகுப்பறைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். 2022 நவம்பரில் வெளிவந்த சட்ஜிபிடி முதலாகப் பரவிய செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கு இவ்விதி இன்னும் பொருந்தும். அவை தம்மிடத்துத் திரண்ட எழுத்துக்களைக் கொண்டு விடையை அமைப்பன. சரியானதையும் தவறானதையும் ஒரே உறுதியோடு கூறவல்லன. ‘பாதை’ என்பதற்கு வழி என்னும் பொதுப்பொருளையே கண்ட கருவி, வாவியைக் கடக்கும் மிதவைக்கும் அப்பெயர் உண்டு என்பதை அறியாது விடலாம். வயல்வெளியைக் குறிக்கும் ‘வட்டை’ என்னும் சொல்லும் அத்தகையதே. பண்டிதர் வீ. சீ. கந்தையா 1964 இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ இந்நாட்டு வழக்குகளைத் தொகுத்துக் காத்த நூல். அப்பணியைத் தொடர்ந்து மாணவர் தம் ஊர்ச் சொற்களையும், கூத்து மரபையும், வயல்தொழில் முறைகளையும் கேட்டு ஒருங்குறியிற் பதிவாராயின், அது மொழிப்பாடமும் கணினிப்பயிற்சியும் ஒருங்கே ஆகும்.

ஐந்தாவது, அனுப்புதலில் அடக்கம். பிள்ளையின் பெயர், பிறந்த நாள், புள்ளி, நோய், குடும்ப நிலை ஆகியவை ஆசிரியரிடம் நம்பி ஒப்படைக்கப்பட்டவை. வகுப்பின் புள்ளிப் பட்டியலை முழுமையாகப் பெற்றோர் குழுவிற்கு அனுப்புதல் எளிது. ஆயின் கடைசி நிலையில் உள்ள பிள்ளை அதனால் ஊரார் முன் நாணி நிற்கும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகள் பற்றிய தரவைச் சிறப்பான காவலுக்குரிய வகையில் வைத்துள்ளது. சட்டம் இல்லாவிடினும் ஆசிரியர் அறம் அதனையே கூறும். கடவுச்சொல்லைப் பிறர்க்கு வழங்காமையும், பொதுக் கணினியில் தம் கணக்கைத் திறந்தபடியே விட்டுச் செல்லாமையும் இவ்வறத்தின் சிறு கூறுகளே.

இவற்றைப் பயில்தற்குக் காலம் எங்கே, கருவி எங்கே, வயது எங்கே என்னும் தடைகள் எழுதல் இயல்பு. அவை பொய்யான தடைகளல்ல. மின்தடையும், பழுதடைந்த கணினியும், மேலதிகப் படிவங்களின் சுமையும் உள்ளனவே. எனினும் ஒரு நாட் கருத்தரங்கில் எல்லாவற்றையும் கேட்டு மறுநாள் மறத்தலைவிட, வாரம் ஒரு மணிநேரம் தம் சொந்த வேலையையே பயிற்சியாகக் கொண்டு செய்தல் பயன் தரும். முதற்றவணையில் ஒரு வினாத்தாள், இரண்டாந்தவணையில் ஒரு புள்ளிப்பட்டியல், மூன்றாந்தவணையில் கோப்புக்களை ஒழுங்குபடுத்தல் என வகுத்துக்கொண்டால் ஓராண்டில் அடிப்படை கைவரும். கைத்தொலைபேசியிற் செய்தி எழுதப் பழகிய மூத்த ஆசிரியர் ஒருங்குறித் தமிழை முன்னரே எழுதத் தொடங்கிவிட்டார். அதனைப் பெரிய விசைப்பலகைக்குக் கொண்டு செல்லுதலே எஞ்சியுள்ளது. இளைய ஆசிரியர் விசையைக் காட்ட, மூத்தோர் பாடமமைக்கும் முறையைக் காட்டுவாராயின் இருவரும் பயனடைவர். தாழங்குடாவிலுள்ள தேசிய கல்வியியற் கல்லூரியிலும், 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 இற் பல்கலைக்கழகமாக உயர்ந்த வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் பயின்று வெளிவருவோர் இப்பணிக்கு இயல்பான துணைவராவர்.

காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் இலண்டன் பல்கலைக்கழகத்து அறிவியற் பட்டமும் மதுரைத் தமிழ்ச்சங்கத்துப் பண்டிதர் பட்டமும் ஒருங்கே பெற்றவர். 1936 இற் சென்னையிற் கூடிய கலைச்சொல் மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். அம்முயற்சியின் பயனாக 1938 இற் கலைச்சொற்கள் நூலாக வெளிவந்தன. புதிய அறிவு பிறமொழியிற் பிறந்ததாயினும் தமிழ்மாணவர்க்குத் தமிழிலேயே கிடைத்தல் வேண்டும் என்பது அவ்வுழைப்பின் அடிப்படை. அன்று சொல்லாக்கத்தால் நிகழ்ந்தது இன்று விசைப்பலகையாலும் நிகழ வேண்டும். கணினியிற் பதியப்படும் தமிழ் உண்மையான தமிழாகவும், அதிற் பேணப்படும் பிள்ளைகளின் கணக்கு நேர்மையானதாகவும், அதிலிருந்து எடுக்கப்படும் செய்தி ஆராயப்பட்டதாகவும் இருத்தல் ஆசிரியரின் கையிலேயே உள்ளது. அக்கையைப் பழக்குதல் ஆசிரியர் தமக்கும் தம் மாணவர்க்கும் செய்யும் தொண்டாகும்.